அத்தா சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தது

அய்யம்பேட்டை
12.9.2018

அன்புத் தங்கை மெஹராஜ் பேகத்துக்கு அண்ணன் அஹமது கபீர் சலாம் சொல்லி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எனக்குச் சர்க்கரையும் உன் மதினிக்குக் கோபமும் அளவோடு இருக்கின்றன. அங்கே நீடூரில் மச்சான் ஜெக்கரியாவின் மூட்டுவலியும் உன் ரத்த அழுத்தமும் அவ்வாறே ஒரு கட்டுப்பாட்டில் நிற்க வேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்டு வருகிறேன்.

ஆளுக்கொரு செல்போன் இருக்கும்போது இவன் எதற்குக் காகிதத்தை எடுத்தான் என்று நினைப்பாய். ரமலான் பெருநாளுக்கு முந்தின வாரத்திலிருந்தே நீ என் போனை எடுப்பதில்லை. என் போனிலிருந்த வாட்ஸ்அப்பை உன் மருமகள் பிடுங்கிவிட்டாள். அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதோடு, போனில் பேசினால் நீ மட்டும்தான் பேசுவாய். கடிதத்தில் குறுக்கே யாரும் பேச முடியாது. நான் எதையும் நடுவிலிருந்து ஆரம்பிப்பவன் என்று சின்ன வயதிலிருந்தே உனக்கு என்மேல் ஒரு குறை உண்டு. ஆகையால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து, ஆதியிலிருந்தே எழுதுகிறேன். படித்து முடித்ததும் உன் கோபம் போய்விடும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று நாம் இருவரும் பேசி, உன் மகன் ஜாஹிதுக்கு என் மகள் ஆஷிகாவைக் கொடுத்தோம். ஊரே வந்து சாப்பிட்டுப் போனது. அடுத்த வருஷமே ஃபஹ்மிதா பிறந்தாள். ஆறேழு மாதத்தில் பிள்ளை வெளுத்துப்போயிற்று. பல் முளைக்கிறது என்று நான் சொன்னேன். கண்ணேறு என்று நீ சொன்னாய். உன் மதினி இரண்டுக்கும் சேர்த்து வைத்தியம் செய்தாள். கடைசியில் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் ரத்தத்தை எடுத்துப் பார்த்து, இது தலசீமியா, பிள்ளையின் உடம்பு தனக்கு வேண்டிய ரத்தத்தைத் தானே ஒழுங்காக உண்டாக்கிக்கொள்ளாது, மாதம் தவறாமல் வெளியிலிருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். பெயரில் சேமியா இருக்கிறதே, சாப்பாட்டுக் கோளாறாகத்தான் இருக்கும், மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்று ஷார்ஜாவில் இருந்த ஜாஹிதுக்கு நான்தான் போனில் தைரியம் சொன்னேன். இப்போது பிள்ளைக்கு ஏழு வயது. இன்னும் மாதந்தோறும் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். கையில் நரம்பு கிடைக்காமல் நர்ஸ் தேடும்போது உன் பேத்தி அழுவதில்லை. பையிலிருந்து ரத்தம் இறங்கத் தொடங்கியதும், இன்றைக்கு யாருடைய ரத்தம், கணக்கு நன்றாக வருகிறவர்களுடையதா என்று விசாரிப்பாள். அம்மா கணக்கு டீச்சராக இருந்தும் தனக்கு வாய்ப்பாடு மண்டையில் ஏறவில்லை என்ற கவலை அவளுக்கு.

இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற பேச்சை எடுத்தவள் ஆஷிகாதான். நீயும் நானும் பயந்தோம். பிறகு நான் யோசித்துப் பார்த்து, நாலில் ஒரு பிள்ளைக்குத்தான் இந்த நோய் வரும் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்கள், அந்த ஒன்று முதலிலேயே வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமே இல்லை என்று வீட்டில் அறிவித்தேன். ஆஷிகா என்னைப் பார்த்த பார்வையை அவளுடைய எட்டாம் வகுப்புப் பையன்கள் தினமும் வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதே நாலில் ஒன்றுதானாம். போன தடவை என்ன வந்தது என்று அடுத்த பிள்ளைக்குத் தெரியாதாம். அதற்கு ஒரு வழி இருக்கிறது, கருவை வெளியே உருவாக்கி, வயிற்றில் வைப்பதற்கு முன்பே நோய் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று அவளும் ஜாஹிதும் எங்கெங்கோ படித்து வைத்திருந்தார்கள். பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் நானே போய்க் கேட்டேன். புருஷன் பெண்டாட்டிக்குள் நடப்பதுதானே, பிள்ளையின் வேதனையைத் தவிர்க்கத்தானே, தாராளமாகச் செய்யட்டும் என்றார். இதை உன்னிடம் சொன்னபோது, அல்லாஹ் கொடுப்பதை ஆள் வைத்துச் சோதிப்பதா என்று கேட்டாய். சோறாக்கும் முன் அரிசியில் கல் பொறுக்குகிறாயே, அது மட்டும் என்ன என்று நான் கேட்டேன். அன்றைக்கே நீ போனை வைத்திருக்க வேண்டியது. என்ன காரணமோ, வைக்கவில்லை.

திருச்சியில் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பெயர் வள்ளியம்மை. சின்ன உருவம், அதிராத பேச்சு. ஜாஹிதுக்கு லீவு கிடைக்கும்வரை ஆண் துணை வேண்டுமே என்று நானே கூடப் போனேன். வேண்டாம் என்று ஆஷிகா சொன்னாள்தான். ஆனால் முப்பது வருஷமாக விதைக்கடை வைத்திருப்பவன் நான். விதைத் தேர்வு என்றால் என்ன என்று எனக்குத் தெரியாததை இவர்கள் என்ன சொல்லிவிடப்போகிறார்கள் என்று போனேன். டாக்டரிடம் நான் முதலிலேயே விஷயத்தைச் சுலபமாக்கிக் கொடுத்தேன். அம்மா, நாங்கள் சம்பாவுக்கு நெல் கொடுக்கும்போது நூறு மணியை ஈரச் சாக்கில் முடிந்து வைத்து, எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் மூட்டைக்குத் தரச் சான்றாக நீல அட்டை கட்டுகிறோம், நீங்களும் அப்படித்தானே என்றேன். அந்த அம்மா நிதானமாக, நீங்கள் முளைத்துப் பார்த்த நூறையும் மறுபடி விதைக்க மாட்டீர்கள் இல்லையா, நாங்கள் பார்த்த அதையேதான் வைக்க வேண்டும் என்றார். ஐந்தாறு நாள் வளர்ந்த கருவின் வெளிப்பக்கத்திலிருந்து சில செல்களை மட்டும் கிள்ளி எடுத்து, சென்னைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்களாம். கரு அதுவரை உறைநிலையில் காத்திருக்குமாம். கிள்ளிய இடத்தில் பிள்ளைக்கு ஒரு விரலோ காதோ குறைந்துவிடாதா என்று கேட்டேன். அது பிள்ளையாகிற பகுதி இல்லை, பிற்பாடு நஞ்சுக்கொடியாகிற பகுதி என்றார். அப்போதுதான் எனக்கு அந்த அம்மாமேல் முழு நம்பிக்கை வந்தது. அவருக்கு என்மேல் வந்ததா என்று தெரியவில்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆணா பெண்ணா என்று நான் கேட்கவே இல்லை. கேட்கக் கூடாது, சொல்லக் கூடாது, சட்டப்படி குற்றம் என்று சுவரில் பெரிதாக எழுதி மாட்டியிருந்தார்கள். நான் சட்டத்தை மதிப்பவன். ஆகையால், பெருநாளுக்கு முன்கூட்டியே பிள்ளைத்துணி எடுத்து வைத்தால் என்ன நிறத்தில் எடுப்பது நல்லது என்று மட்டும் பொதுவாகக் கேட்டேன். டாக்டர் அந்தப் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மஞ்சளா எடுங்க" என்றார். ஆஷிகா அதற்குப் பிறகு என்னை வெளியில் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. புருஷன் பெண்டாட்டி இருவருமே இந்தக் குறையை மறைவாகச் சுமந்தால்தான் பிள்ளைக்கு நோய் வருமாம். சுமப்பவர்களுக்கு ஒன்றும் செய்யாதாம். அப்படியானால் ஆஷிகாவுக்கு இது யார் மூலம் வந்திருக்கும்? என் பக்கம் வந்திருக்க முடியாது என்பது எனக்கு நிச்சயம். நம் அத்தா எண்பத்து நாலு வயது வரை வெண்ணாற்றில் நீந்தியவர். உன் மதினியின் வீட்டில்தான் எல்லோரும் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். இதை எத்தனை நாள் சந்தேகமாகவே வைத்திருப்பது என்று, யாரும் கேட்காமலே, எனக்கும் உன் மதினிக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லி நானே வற்புறுத்தினேன். சின்ன ஊசிதான். உன் மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள். முடிவு வந்தது. அவளுடைய ரத்தம் ஆலங்கட்டி போலச் சுத்தம். சுமக்கிறவன் நான்.

உன் மதினி அன்றைக்கு மத்தியானம் எனக்கு மட்டும் இரண்டாவது அகப்பைக் குழம்பு ஊற்றினாள், அவ்வளவுதான். அது தண்டனையா இரக்கமா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் மெஹராஜ், நான் கலங்கவில்லை. உட்கார்ந்து நிதானமாக யோசித்தேன். எனக்கு வந்ததென்றால் அத்தாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோதான் வந்திருக்க வேண்டும். உன் மகன் ஜாஹிதுக்கும் அதே குறை, அதே வகை என்று சென்னைக் காகிதத்தில் போட்டிருக்கிறார்கள். மச்சான் ஜெக்கரியாவின் குடும்பத்துக்கும் நமக்கும் முன்பின் சொந்தம் கிடையாது. ஆகவே அது உன்னிடமிருந்துதான் அவனுக்குப் போயிருக்கிறது. தெருவோரத்து வீட்டை எனக்கு எழுதி, கொல்லைப்பக்கத்தை உனக்கு எழுதினார் அத்தா என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாயே, இதோ, நம் இருவருக்கும் அவர் ஒரு குறையும் வைக்காமல் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தது இது ஒன்றுதான். பத்திரம் இல்லை, பட்டா இல்லை, தாலுகா ஆபீசுக்கு நடக்கவில்லை. ஆளுக்கொரு பங்கு, நேராக ரத்தத்திலேயே போட்டுவிட்டார். நாம்தான் தெரியாமல் இரண்டு பங்கையும் ஒரே வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறோம். நீயும் ஒரு நாள் மயிலாடுதுறைக்குப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடு. நான் சொல்வதுதான் வரும்.

சித்திரையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். ஆஷிகாவுக்குத் தினமும் வயிற்றில் ஊசி. மருந்துப் பெட்டியைக் குளிரில் வைக்க வேண்டும் என்றார்கள். ஒரு நாள் பராமரிப்பு வேலை என்று காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஆஷிகா பள்ளிக்கூடம் போயிருந்தாள். பெண்டுகள் பதறிக்கொண்டு நின்றார்கள். நான் பதறவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு ஜெனரேட்டர் வைத்திருக்கும் வைத்தியலிங்கத்தின் பால்பூத்துக்குப் போய், இன்சுலின் என்று சொல்லி, ரகசியத்தையும் காப்பாற்றி, குளிர் போதாமல் போய்விடக் கூடாதே என்று ஐஸ்கிரீம் பெட்டியின் அடியில், குல்ஃபிகளுக்கு நடுவே நானே பத்திரமாகப் புதைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் எடுத்தபோது மருந்து கல்லாகியிருந்தது. குளிரில்தான் வைக்க வேண்டுமாம், உறைய விடக் கூடாதாம். இது பெட்டியிலேயே எழுதியிருந்தது என்று ஆஷிகா காட்டினாள். எழுத்து மிகப் பொடியாக இருந்தது. அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் சட்டையை மாட்டிக்கொண்டு திருச்சி பஸ் ஏறி, அன்றைய ஊசிக்கு வேறு மருந்து வாங்கிக்கொண்டு நேரத்துக்கு வந்து சேர்ந்தேன். இதையும் நீ கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஜாஹித் லீவில் வந்தான். முட்டைகளை எடுத்தார்கள். கருக்கள் உருவாயின. ஐந்தாறு நாள் தாங்கி வளர்ந்தவை ஏழு. செல்லைக் கிள்ளிச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, ஏழையும் உறைய வைத்தார்கள். ஜாஹித் திரும்பிப் போனான். பெருநாளுக்கு முந்தின வாரம் முடிவு வந்தது. ஏழில் மூன்றுக்கு முழு நோய். ஒன்றில் எடுத்த செல் போதாமல் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றுக்கு நம் குறை அறவே இல்லை. சுத்தமோ சுத்தம். அதைக் கேட்டு உன் மதினி அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிச் சுக்ரானா தொழுகப் போய்விட்டாள். ஆனால் அந்தச் சுத்தமானதில் வேறொரு சிக்கல். குரோமோசோம் கணக்கு தப்பியிருக்கிறது, வைத்தாலும் தங்காது என்று டாக்டர் வள்ளியம்மை சொன்னார். மிச்சம் இரண்டு. அவை என்னைப் போல, ஆஷிகாவைப் போல, ஜாஹிதைப் போல, நான் மேலே நிரூபித்தபடி உன்னைப் போலவும், மறைவாகச் சுமப்பவை. பிறந்தால் நோய் இருக்காது. ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை. பெரியவர்களாகிக் கல்யாணம் பேசும்போது மட்டும் வரப்போகிறவர்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதை ஜாஹிதுக்குச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். டைப் அடித்தால் நேரமாகும் என்று குரலிலேயே பதிந்து அனுப்பினேன். "மாப்ள, மொத்தம் ஏழுல மூணு கெட்டுப்போச்சு. ஒண்ணு என்னன்னே தெரியல. சுத்தமா இருந்த ஒண்ணும் ஒக்காந்து தங்காதாம். ரெண்டுதான் நம்ம மாதிரி சுமாரா இருக்கு. என்ன பண்றதுன்னு நீயே சொல்லு" என்று. அது எப்படி நம் உறவின்முறைக் குழுவுக்குப் போயிற்று என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. குழுவுக்கும் ஜாஹிதுக்கும் பச்சை வட்டத்தில் ஒரே பள்ளிவாசல் படம்தான் இருக்கிறது. முதலில் பதில் போட்டது நமக்குத் தம்பி முறையாகும் முபாரக். அண்ணே, எந்தக் கோழிப்பண்ணையில் வாங்கினீங்க, கொண்டுபோய் முகத்திலேயே வீசுங்க என்றான். இன்னொருவர் விதைநெல் என்று நினைத்துக்கொண்டு, இந்த வருஷமாவது மேட்டூர் நிரம்பி ஆற்றில் தண்ணீர் வரும் என்று காத்திருக்கும் நேரத்தில் விதைக்கடைக்காரரே இப்படிக் கைவிரித்தால் நாங்கள் எங்கே போவது என்று கேட்டு, கடைக்கே ஆள் அனுப்பிவிட்டார். அப்படியே போயிருந்தால் தேவலை. நான் சும்மா இருந்திருக்க வேண்டும். கோழியும் இல்லை, நெல்லும் இல்லை, இது எங்கள் வீட்டு விஷயம் என்று ஒரு விளக்கம் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் விஷயம் நீடூர்வரை வந்து, உன் காதிலும் விழுந்துவிட்டது. ஆஷிகா போனை வாங்கி, வாட்ஸ்அப்பை எடுத்துவிட்டு, என் கையிலேயே திரும்ப வைத்தாள். ஜாஹிதுக்குச் செய்தி போகவே இல்லை. அவனுக்கு ஷார்ஜாவில் கூட வேலை பார்க்கும் ராஜகிரிக்காரர் சொல்லித்தான் தெரிந்ததாம்.

அன்றைக்கு நீ போட்ட போனைத்தான் சொல்ல வருகிறேன். ஊர் சிரிக்கும்படி ஆகிவிட்டது என்று சொன்னாய். சரி, அதை ஒத்துக்கொள்கிறேன், ஊர் கொஞ்சம் சிரிக்கத்தான் செய்தது. ஆனால் அதற்குப் பிறகு, குறை இருக்கிறதையே வைக்கிறதுக்கு எதுக்கு இத்தனை ஆஸ்பத்திரி, இத்தனை ஊசி, வைத்தால் முழுக்கச் சுத்தமானதாக வையுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள் என்றாய். என் மகன் ரத்தத்தில் குறை என்று எவனும் சொல்லக் கூடாது என்றாய். நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொன்னேன். நீ போனை வைத்தாய். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. ஆஷிகாவும் அந்த இரண்டு கருவைப் பற்றி வீட்டில் வாயைத் திறப்பதில்லை. நான் கேட்டால், பாக்கலாம் அத்தா என்று பேப்பர் திருத்தப் போய்விடுகிறாள்.

இப்போது இந்தக் கடிதம் எழுதுவதற்கான காரணத்துக்கு வருகிறேன். நீ போனை வைத்த அன்றைக்குச் சாயங்காலம் நடந்தது இது. உன்னிடம் சொல்லவில்லை, ஜாஹிதிடமும் சொல்லவில்லை. நோன்பு திறந்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நான் உன் மதினிக்கு மறுபடியும் முழுவதையும் விளக்கிக்கொண்டிருந்தேன். என் குரல் உனக்குத் தெரியும். மூன்று ஃபஹ்மிதா மாதிரி, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்று சொன்னேன். டாக்டர் சொன்னதைத்தான் சொன்னேன். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. என்னைப் பார்க்காமல் தன் அம்மாவைப் பார்த்து, "என்னை மாதிரி இருந்தா வேணாமாம்மா?" என்று கேட்டாள்.

மெஹராஜ், எந்தக் கேள்விக்கும் யோசிக்காமல் பதில் சொல்கிறவன் நான். பூச்சி விழுந்த பயிரை மடியில் கட்டிக்கொண்டு வந்து கேட்கிற விவசாயிக்குக்கூட நின்ற இடத்தில் ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவேன். அன்றைக்கு வாயில் இருந்த இட்லி அப்படியே நின்றது. உன் மதினி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆஷிகா கையைக் கழுவவில்லை, எழுந்திருக்கவில்லை. பிள்ளையின் இடது கையை, அந்த ஊசி போட்டுப் போட்டுக் கறுத்த இடத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"உன்னை மாதிரிதாம்மா வேணும். உன்னை மாதிரிப் பேசணும், உன்னை மாதிரி சண்டை போடணும். ஊசி மட்டும் வேணாம். உனக்கும்தான் அது வேணாம்னு தினம் கேக்குறேன். உனக்கு அம்மாவால முடியல. வர்ற பிள்ளைக்காவது முடியுதான்னு பாக்குறேன்."

பிள்ளை அடுத்த துண்டு இட்லியைப் பிட்டாள். அப்படியென்றால் வரப்போகும் பிள்ளைக்குக் கணக்கு யார் மூலம் வரும், அதற்குத்தான் வேறு ஆள் ரத்தம் ஏற்ற மாட்டார்களே என்று கேட்டாள். ஆஷிகா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழுதாள். இட்லி தீர்ந்தது.

அன்றைக்கு ராத்திரி முழுக்க விழித்திருந்தேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். நான் படுத்தால் தூங்கிவிடுகிறவன் என்று உனக்கே தெரியும். ஆனால் மறுநாள் கடையில் உட்கார்ந்து, சி.ஆர். ஆயிரத்தொன்பது விதைநெல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு ஒன்று பளிச்சென்று விளங்கியது. அந்த இரண்டு கருவும் நாம்தான். அந்தக் காலத்தில் நம் அம்மாவை இப்படி ஒரு ஆஸ்பத்திரியில் உட்கார வைத்து, ஒரு கண்ணாடித் தட்டில் உன்னையும் என்னையும் வைத்துப் பார்த்திருந்தால், குறை உள்ளது, சுமப்பது என்று காகிதத்தில் எழுதியிருப்பார்கள். முழுக்கச் சுத்தமானதுதான் வேண்டும் என்று எவளாவது ஒரு மாமியார் பிடிவாதம் பிடித்திருந்தால், உன்னையும் என்னையும் தட்டோடு கொட்டியிருப்பார்கள். நமக்கு என்ன குறைந்துபோயிற்று? நான் சவூதியில் பத்து வருஷம் வெயிலில் நின்றேன். நீ நாலு பிள்ளை பெற்றாய். எந்தக் கல்யாணத்திலும் நம் இருவரையும்விட அதிகமாகச் சாப்பிட்டவர்கள் யார்? நம்மைப் போல ஒரு பிள்ளை வருகிறதென்றால் அதில் குறை சொல்ல நமக்கு என்ன இருக்கிறது?

ஆகவே நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இது பெரியவர்கள் கூடி எடுக்க வேண்டிய முடிவு. பிள்ளைகள் தைரியமில்லாமல் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. ஆஷிகா பாவம், உன் வார்த்தைக்குப் பயந்துகொண்டு மூன்று மாதமாகப் பேசாமல் இருக்கிறாள். உன்னை மீறி அவள் ஒன்றும் செய்ய மாட்டாள்; மாமி என்றால் அவளுக்கு அத்தனை மரியாதை. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நீயும் மச்சானும் புறப்பட்டு வாருங்கள். மத்தியானச் சாப்பாடு இங்கே. சாப்பிட்டுவிட்டு, நீ ஆஷிகாவைக் கூப்பிட்டு, எனக்குச் சம்மதம், அந்த இரண்டில் ஒன்றை வையுங்கள் என்று உன் வாயால் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். டாக்டர் வள்ளியம்மைக்கு நான் சொல்லும்வரை எதுவும் செய்ய வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறேன். இந்த விஷயத்தில் என்னைக் கேட்காமல் ஒரு துரும்பும் நகராது. சம்மதம் இல்லை என்றாலும் வா. வந்து என் முகத்துக்கு நேராகச் சொல். மூன்று மாதமாக நீ போனை எடுக்காமல் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கடையில் யாராவது நீடூர் என்று சொன்னாலே நிமிர்ந்து பார்க்கிறேன்.

மச்சான் ஜெக்கரியாவுக்கு என் சலாம். அவர் மூட்டுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். உன் மதினி உனக்கும், உன் பேத்தி ஃபஹ்மிதா தன் நன்னிக்கும் சலாம் சொல்கிறார்கள். அல்லாஹ் நம் குடும்பத்தில் வருகிறவர்களுக்கும் இருக்கிறவர்களுக்கும் சுகத்தைக் கொடுத்து, நம் வீட்டு வாசலில் பிள்ளைச் சத்தம் குறையாமல் வைப்பானாக, ஆமீன்.

உன் நலம் நாடும் அண்ணன்,
அஹமது கபீர்

பின்குறிப்பு:

கடிதத்தை மடிக்கும் முன், நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கே தோன்றியதால், ஆஷிகாவிடம் படிக்கக் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தாள். சேமியா வந்த இடத்தில் சிரித்தாள். கண்ணாடித் தட்டு வந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். முடித்துவிட்டு, அத்தா, நீங்களும் உட்காருங்கள் என்றாள்.

பக்ரீதுக்கு முந்தின வாரம் துணி எடுக்கத் திருச்சிக்குப் போவதாக ஆஷிகா சொல்லிவிட்டுப் போனாளே, துணி எடுக்கவில்லையாம். அந்த இரண்டில் ஒன்றை வைத்துவிட்டார்களாம். ஜாஹிதும் அவளும் ரமலானிலேயே முடிவு எடுத்துவிட்டார்களாம். யாரிடமும் சம்மதம் கேட்கவில்லையாம். நேற்று ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். பிள்ளையின் இதயத்துடிப்பு கேட்டதாம்.

மாமிக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்று கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தா, மாமிதான் என்கூட இருந்தாங்க. அன்னைக்கும் அவங்கதான், நேத்தும் அவங்கதான். உங்ககிட்ட சொல்லியிருந்தா பொறுத்துக்கிட்டு இருந்திருப்பீங்களா?"

இருந்திருக்க மாட்டேன் என்பது உண்மைதான். நீயும் பெருநாள் முடிந்த கையோடு தனியாகப் போய் ரத்தம் கொடுத்துப் பார்த்தாயாமே. உனக்கும் என்னைப் போலத்தானாமே. முடிவைப் பார்த்துவிட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, வாசலில் ஆஷிகாவைக் கட்டிக்கொண்டு நின்றாயாமே. உன் மதினிக்கும் தெரியும். ஃபஹ்மிதாவுக்குக்கூடத் தெரியுமாம். டாக்டர் வள்ளியம்மைக்கு நான் சொல்லியனுப்பியதை யாரும் அவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கவே இல்லை.

எனவே மேலே எழுதியதில் சலாமையும் துஆவையும் மட்டும் வைத்துக்கொள். மற்றதை எழுதாததாக நினைத்துக்கொள். வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவும் வேண்டாம். இதைத் தபாலில் போட்டுவிட்டு உனக்குப் போன் செய்யப்போகிறேன், எடு. சத்தமாகக் கேட்டதா, மெதுவாகத்தான் கேட்டதா என்று ஆஷிகாவைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை, மாமியைக் கேளுங்கள் என்கிறாள். அந்தத் துடிப்பு எப்படி இருந்தது என்று நீ சொல்ல வேண்டும்.